பதற்றம் என்றுதான் நினைத்தோம்

அண்ணி இறந்துபோன செய்தி அன்று காலை பரமத்தி வேலூரில் எங்கள் உறவினர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வழக்கம்போல் பஸ் நிலையத்துக்கு எதிரில் டீ குடிக்கப் போனேன். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, நீங்க இன்னும் கெளம்பலீங்களா?”

“எங்கீங்க?”

அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “சேலத்துல... உங்க அண்ணிங்க. உங்களுக்கு இன்னும் சொல்லலீங்களா?”

பெரியப்பா மகனுக்குப் போன் செய்தேன். அவன் ஏற்கெனவே நாமக்கல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். “உங்கிட்டப் பக்குவமாச் சொல்லோணும்னு இருந்தோம் மோகனு. மத்தியானமா ஆளு வந்து கூட்டிட்டு வர்றதுன்னு பேசியிருந்தோம். நீ தாங்க மாட்டீன்னு...” என்று இழுத்தான்.

நான் தாங்கினேன். நாமக்கல் பஸ் ஏறி, அங்கே சேலம் பஸ்ஸுக்கு மாறினேன். உட்கார இடம் கிடைத்தது. டிக்கெட்டுக்குச் சரியான சில்லறை எடுத்துக் கொடுத்தேன். ராசிபுரம் தாண்டும்வரை கண்ணீர் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அண்ணியைப் பற்றி எழுதித் தரும்படி அவர் மாணவிகள் கேட்டிருக்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

என் அண்ணியார் பேராசிரியர் பூங்கோதை சேலத்தில் ஒரு கலைக்கல்லூரியில் உளவியல் கற்பித்தவர். சென்ற வருடம்தான் ஓய்வு பெற்றார். மூளை எப்படிப் பார்க்கிறது, எப்படி நினைக்கிறது, எப்படிப் பிசகிப்போகிறது என்பவையே அவர் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள். என் அண்ணன் சிவகுமார் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போடும் தொழில் செய்கிறவர். அவரை மணந்து அண்ணி எங்கள் குடும்பத்துக்கு வந்தார். அந்தக் கல்யாணத்தில் நான் இல்லை.

அன்று நான் எங்கள் தோட்டத்து வீட்டில் இருந்தேன். பக்கத்தில் காவலுக்கு ஒரு மாமன் இருந்தார். அதற்கு முந்தைய வருடம்வரை நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவன் நான். நாமக்கல் லாரிகளின் ஊர். பள்ளிக்கு முன்னால் நெடுஞ்சாலையில் பகலெல்லாம் லாரிகள் போகும். ஒருநாள் அவற்றின் நம்பர்கள் என்னிடம் பேசத் தொடங்கின. ஒரு லாரியின் எண்ணை அடுத்த லாரியின் எண்ணோடு கூட்டினால் ஒரு செய்தி வரும். அந்தச் செய்தி எனக்கென்றே எழுதப்பட்டிருக்கும். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சாலையோரம் போய் நின்றுகொண்டேன். அப்புறம் நடந்தவற்றை அந்தப் பள்ளியும் எங்கள் சொந்தக்காரர்களும் அறிவார்கள். பெண் வீட்டாரிடம் மட்டும், “சின்னவன் பம்பாயில வேலைக்குப் போயிருக்கறானுங்க” என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்தப் பொய்யை அண்ணி கண்டுபிடித்தது நெய்யினால். கல்யாணமாகிப் பரமத்தி வேலூர் வந்த சில நாட்களில், தினமும் ஒரு தூக்குப் போசியில் சோறு தோட்டத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறார். யாருக்கு என்று கேட்டதற்கு, “காவக்காரனுக்கு, சாமி” என்றார் என் அம்மா. அந்தச் சோற்றில் அம்மா நெய் ஊற்றிப் பிசைவதை அண்ணி கவனித்துவிட்டார். மறுநாள் தூக்குப் போசியைத் தானே வாங்கிக்கொண்டு வெற்றிலைக் கொடிக்கால் வரப்பில் நடந்து வந்துவிட்டார்.

நான் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்திருந்தேன். மாமன் பதறி எழுந்து, “அம்மிணி, இங்கெல்லாம் வரக்கூடாது” என்று குறுக்கே வந்தார். அண்ணி அவரைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றார்.

“நான் பூங்கோதைங்க. உங்க அண்ணன் சம்சாரம். கல்யாணத்துல உங்களைப் பாக்கலையேங்க தம்பி?”

“வரோணும்னுதான் இருந்தேனுங்க. நம்பர் சரியா வரலை.”

“எந்த நம்பருங்க?”

“லாரி நம்பர்.”

இந்த இடத்தில் மற்றவர்கள் சிரிப்பார்கள், இல்லையென்றால் அழுவார்கள். அண்ணி பம்புசெட் மேடையில் உட்கார்ந்து, “எல்லா லாரியும் உங்களுக்குச் சொல்லுதுங்களா, இல்ல சிலது சும்மா போயிருதா?” என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் யோசித்துப் பார்த்து, “காலி லாரி சும்மா போயிரும்” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்துவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. “கல்யாணத்துக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?” என்று அண்ணி கேட்டாராம். “சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா சாமி?” என்று அம்மா திருப்பிக் கேட்டாராம். இரண்டு நாளில் அவருடைய அப்பா ராசிபுரத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு மகளை அழைத்துப் போக வந்துவிட்டார். அண்ணி போகவில்லை. அவருடைய பெரிய மனசு என்று எங்கள் குடும்பம் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர்தான் என்னைச் சேலம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அதுவரை எங்கள் வீட்டில் எனக்குச் செய்யாத பூசை இல்லை, கட்டாத கயிறு இல்லை. எனக்கு ஏன் இப்படி ஆனது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “மொதல்ல மாத்திரை. காரணத்தைப் பொறவு பேசிக்கலாம்” என்றார் அண்ணி. வெளிநோயாளிகள் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். தெரிந்த முகம் வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் நிமிர்ந்து வணக்கம் சொல்வார்.

மெல்ல மெல்ல லாரிகள் வெறும் லாரிகளாகிவிட்டன. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. அதை அண்ணியிடம் மட்டும் சொன்னேன். “ஒலகமே எங்கூடப் பேசிட்டு இருந்துச்சுங்க அண்ணி. இப்ப ஒருத்தரும் பேசறதில்ல.” அவர் டீ போட்டு வந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

பள்ளியில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. வேலூரிலேயே வீட்டில் டியூஷன் ஆரம்பித்தேன். அண்ணியின் கல்லூரி வேலைக்காக அண்ணன் குடும்பம் சேலத்தில் குடியிருந்தது; ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவேன். அண்ணன் பெரும்பாலும் ரிக் வண்டிகளோடு வெளிமாநிலத்தில் இருப்பார். அண்ணி, அவர் மகள் நிலா, நான் என்று மூன்று பேர் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருப்போம்.

அந்த மேசையில்தான் மூளை பற்றிய அந்தக் கோட்பாட்டை அண்ணி எனக்குச் சொன்னார். உலகத்தை நாம் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக நினைக்கிறோம். உண்மையில் மூளை முன்கூட்டியே ஊகித்துவிட்டுத்தான் பார்க்கிறது. கண்ணும் காதும் கொண்டுவந்து கொடுப்பது அந்த ஊகத்துக்கான திருத்தம் மட்டுமே. “கரண்ட் போயிருச்சுன்னு தெரிஞ்சும், ரூமுக்குள்ள போகையில கை சுவிட்சுக்குப் போகுதில்லீங்களா? கை போனப்பறந்தான் ‘அட, கரண்ட் இல்லையே’ன்னு தோணும். மூளை பூராவும் அப்படித்தானுங்க தம்பி.”

என் நோய்க்கும் அதில் விளக்கம் இருந்தது. எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று மூளை ஓயாமல் தரம் பிரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் தரம் பிரிப்பு கெட்டுப்போனால், விட்டுவிட வேண்டிய சின்ன விஷயமெல்லாம் ‘முக்கியம், முக்கியம்’ என்று கத்தும். கத்துவதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டுமே என்று மூளை ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும். லாரி நம்பர்கள் எனக்குச் செய்தி சொன்னது அப்படித்தான் என்றார். அதைக் கேட்டபோது வருடக்கணக்காக இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. நான் பைத்தியம் இல்லை. என் மூளையும் எல்லோர் மூளையும் செய்யும் வேலையைத்தான் செய்தது. கொஞ்சம் தவறாகச் செய்துவிட்டது.

ஆனால் நான் கணக்கு வாத்தியார். சும்மா இருக்க முடியவில்லை.

“கண்ணுல பாக்கறதுக்குச் சரிங்க அண்ணி. கண்ணுல பாக்க முடியாததை நெனைக்கறமே, அதுக்கு? முடிவிலின்னு ஒண்ணை நெனைக்கறேன். அதைப் பத்தி என் ஊகம் தப்புன்னா, எந்தக் கண்ணு வந்து திருத்தும்?”

அண்ணி என்னிடமே திருப்பிக் கேட்டார். “நீங்க ஒரு தேற்றத்தை நிரூபிக்கையில, நடுவுல ஒரு வரி தப்பாப் போச்சுன்னா உங்களுக்கு எங்க உறுத்துதுங்க?”

“வயித்துல.”

“சரியா வந்தா?”

“அதுவும் வயித்துலதானுங்க. இறங்கி உக்காந்துக்கற மாதிரி இருக்கும்.”

“அப்ப உடம்புதான் திருத்துது. கண்ணு இல்லீன்னா வயிறு” என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். பிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி அவருக்கு. அதை நான் கெடுத்தேன்.

“லாரி நம்பர் கூடி வந்தப்பவும் அதே வயித்துலதான் அண்ணி அதே மாதிரி இறங்கி உக்காந்துச்சு. ரெண்டும் ஒரே ‘சரி’தான். எனக்கு வித்தியாசமே தெரியலை.”

அண்ணி எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்த ஞாயிறு நான் உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார்: “வாரம் பூரா அதே நெனப்புதானுங்க தம்பி. நெசமான தேற்றத்தையும் நோயையும் ஒரு தியரி ஒரே மாதிரி விளக்குதுன்னா, அது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கலைன்னுதான் அர்த்தம். இந்த எடத்துல எனக்குத் தெரியலை.”

“ஒரு வித்தியாசம் இருக்குதுங்க” என்றேன். “தேற்றத்தை நான் போர்டுல எழுதினா, அதைப் பாத்து எதிர்ல இருக்கறவனுக்கும் வயித்துல இறங்கும். லாரியை நான் யாருக்கும் காட்ட முடியலை.”

“அப்ப அந்த வித்தியாசம் மண்டைக்குள்ள இல்லை. ரெண்டு பேருக்கு நடுவுல இருக்குது” என்றார். அதன்பின் பல மாதம் வகுப்புகளில் அண்ணி இதையே பேசிக்கொண்டிருந்ததாக அவர் மாணவிகள் சொல்கிறார்கள். “எங்க கொழுந்தனார் சொன்னாரு” என்று சொல்லித்தான் ஆரம்பிப்பாராம். அது எனக்கு இப்போதுதான் தெரியும்.

சேலத்தில் ஒரு வாசகர் வட்டம் அவரைத் தமிழில் பேச அழைத்தது. மண்டபம் நிறையக் கூட்டம். நானும் போயிருந்தேன். சுவிட்ச் உதாரணம், தரம் பிரிப்பது எல்லாம் அழகாகச் சொன்னார். பிறகு, “நாமக்கல் பக்கம் ஒரு கணித ஆசிரியர்” என்று தொடங்கி என் கதையைச் சொன்னார். காலி லாரி சும்மா போய்விடும் என்ற இடத்தில் மண்டபமே சிரித்தது. கேலியாகச் சிரித்ததாகச் சொல்ல மாட்டேன். அன்று பம்புசெட் மேடையில் நானும் அதற்குத்தானே சிரித்தேன். ஆனால் தோட்டத்தில் சிரித்தது நாங்கள் இருவர்.

முடிக்கும்போது அண்ணி நான் இருந்த பக்கம் திரும்பினார். “அவர் இன்னைக்குக் குணமாகி, கௌரவமா வாழ்ந்துட்டிருக்கார். இதே அரங்கத்துலதான் உக்காந்திருக்கார். தம்பி, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க.”

நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். என்னிடம் டியூஷன் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா அவர். அவரும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வாரம் டியூஷனுக்குப் பிள்ளைகள் வருவது குறைந்தது. பிறகு நின்றேபோனது. அந்த அப்பா மட்டும் நேரில் வந்தார். “தப்பா நெனைக்காதீங்க சார். பொட்டப்புள்ள பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே போனார்.

அண்ணி போன் செய்து, “எல்லாரும் உங்களை அப்படிப் பாராட்டறாங்க தம்பி” என்று ஆரம்பித்தபோது நான் வைத்துவிட்டேன். விஷயம் தெரிந்து வேலூருக்கு வந்தார். நான் அறைக் கதவைத் திறக்கவில்லை. “அவன் வர மாட்டீங்கறான் சாமி” என்று அம்மா சொல்வது உள்ளே கேட்டது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பஸ் நேரம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மறு ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். வேகாத வெயிலில் அவர் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்து, ஒருநாள் கதவைத் திறந்தேன்.

மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“உங்க ஊட்ல உங்களை மறைச்சாங்க. எங்க ஊட்ல என்னையே மறைச்சாங்க.”

எம்.ஏ. படிக்கும்போது மாதக்கணக்கில் விடுதிக் கட்டிலை விட்டு எழுந்திருக்காமல் கிடந்திருக்கிறார். குளிக்கவில்லை, பேசவில்லை. அவர் அப்பா கூட்டிப்போய், யாருக்கும் தெரியக் கூடாதென்று பெங்களூரில் வைத்தியம் பார்த்திருக்கிறார். மனச்சோர்வு நோய். நிலா பிறந்த பிறகு அது மறுபடி வந்தது. சமையலறையில் சத்து மாத்திரை டப்பாவுக்குள் போட்டு வைத்து, இத்தனை வருடமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணனுக்குத் தெரியாது.

“அன்னிக்கு எங்கப்பா கார் எடுத்துட்டு வந்தப்ப நான் ஏன் போகலை தெரியுங்களா? ‘சொல்லாம மறைச்சீங்களே’ன்னு உங்க அம்மாகிட்டக் கேட்டுட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் போறது? அதோட இன்னொண்ணும் உண்டு. இப்படி ஒருத்தரைப் பக்கத்துல இருந்து பாத்து ஆராய்ச்சி பண்ணலாம்னு ஆசை. அதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்பக் கூச்சமா இருக்கு. உங்களை எந்திரிச்சு நிக்கச் சொன்னேன். என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. என் ஊகம் என்னன்னா, கைதட்டினா உங்க வெக்கம் போயிரும்னு.”

“போகலீங்க” என்றேன்.

“தெரியுது” என்றார்.

சில மாதம் கழித்து அதே வாசகர் வட்டத்திடம் தானே கேட்டு மறுபடி மேடை ஏறினார். அன்று காலையில்தான் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அண்ணன் வெள்ளைச் சட்டையில் முன் வரிசையில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

“போன தடவை ஒருத்தர் நோயைப் பத்தி அவரைக் கேக்காமயே பேசினேன். அதுக்கு எனக்கு உரிமை இல்லை. என் நோயைப் பத்திப் பேச உரிமை இருக்கு” என்று ஆரம்பித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முடித்தபோது கைதட்டவும் இல்லை. “மூளை ஊகிக்குதுங்கற தியரி என் நோய்க்குப் பாதி விளக்கம் சொல்லுது. எதைச் செஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு ஊகம் உறைஞ்சு போயிருது. நல்லது நடந்தாலும் அது திருந்தறதில்லை. ஆனா இதை வெளிய சொன்னா என்ன ஆகும்னு நான் பயந்தேன் பாருங்க, அந்தப் பயம் என் மூளை தப்பா ஊகிச்சதா, சரியா ஊகிச்சதா? அதுக்குத் தியரியில பதில் இல்லை. நீங்கதான் சொல்லணும்” என்று நிறுத்தினார்.

ஒருவர் எழுந்து கேட்டார். “மேடம், அப்ப நீங்க காலேஜ்ல புள்ளைகளுக்குப் பாடம் எடுக்கறது சரிங்களா?”

“இத்தனை வருஷமா எடுத்துட்டுத்தான் இருக்கேன். நேத்து வரைக்கும் சரியாத்தானுங்களே இருந்துச்சு?” என்றார் அண்ணி.

அவருடைய பயம் சரியான ஊகம்தான். நிலாவுக்கு நாமகிரிப்பேட்டைப் பக்கம் பேசி முடிக்கவிருந்த இடம் நின்றுபோனது. “பொண்ணு தங்கமான பொண்ணுங்க. ஆனா ரெண்டு பக்கமும் இருக்குதில்லீங்களா” என்று சொல்லி அனுப்பினார்கள். நிலா பெங்களூர் வேலைக்குப் போய்விட்டாள். அம்மாவிடம் பேசாமல் வெகுகாலம் இருந்தாள். “உங்களுக்குப் பாரம் எறங்கோணும்னு என் தலையில ஏத்திட்டீங்க” என்று அவள் சொன்னதை அண்ணியே என்னிடம் சொன்னார். “அவ சொல்றது நெசந்தானுங்க தம்பி” என்றார். பிறகு தாயும் மகளும் சமாதானம் ஆனார்கள். எப்படி ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. என்னிடமும் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்ப வந்தார்கள். பாஸ் ஆக வேண்டுமே.

இனி, நான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்த இடம்.

இறப்பதற்கு முந்தைய நாள் மத்தியானம் அண்ணிக்கு நெஞ்சை அடைத்தது, வியர்த்தது. அண்ணன் வீட்டில்தான் இருந்தார். பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த டாக்டர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். அண்ணி மறைக்கவில்லை. மறைப்பதை அவர் விட்டுத்தான் வெகுநாள் ஆயிற்றே. பட்டியலைக் கேட்டதும் டாக்டரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாம். “பயப்பட ஒண்ணுமில்லைங்க. பதற்றம்தான்” என்று, தூங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறு எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. அண்ணனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அண்ணியும், “எனக்கும் அப்படித்தான் படுது. ரிட்டையர் ஆனதுலேருந்தே மனசு ஒரு மாதிரி இருக்குது” என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் எனக்குப் போன் செய்தார்.

“நெஞ்சு அடைக்கற மாதிரியே இருக்குதுங்க தம்பி. இடது கையெல்லாம் ஒரு மாதிரி மதமதன்னு இருக்கு.”

நான் கேட்டேன்: “மாத்திரையைக் கீது நிறுத்திட்டீங்களா அண்ணி?”

அண்ணி சிரித்தார். “நீங்களுமா? எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. இல்லீங்க, ஒழுங்காத்தான் போடறேன். சரி, படுத்தாச் சரியாப் போயிரும். வெச்சர்றேன்.”

விடியற்காலையில் இறந்துவிட்டார். மாரடைப்பு.

பரிசோதனை செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. டாக்டர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் எங்கள் எல்லோர் மூளையிலும் அவரைப் பற்றி ஓர் ஊகம் உறைந்திருந்தது. அவருக்கு எது வந்தாலும் அது மனசிலிருந்துதான் வரும் என்பது அந்த ஊகம். நெஞ்சு வலியும் வியர்வையும் மரத்த கையும் வந்து அதைத் திருத்தப் பார்த்தன, முடியவில்லை. ஒருவர் மண்டைக்குள் இருக்கும் தவறைத் திருத்துவது இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் காரியம் என்று அந்த மேசையில் பேசி மகிழ்ந்தோமே. நடுவில் டாக்டர் இருந்தார், அண்ணன் இருந்தார், நான் இருந்தேன். எல்லோரும் ஒரே தவறைத்தான் சொன்னோம். எல்லோரும் சொன்னதால் அண்ணியும் நம்பினார். எனக்கு வயிற்றுவலி என்றாலும் தலைவலி என்றாலும் “மாத்திரை போட்டியா?” என்று கேட்பவர்களைக் கண்டாலே எரிந்து விழுகிறவன் நான். அந்தக் கேள்வியை என் வாய் கேட்டது.

சேலம் வீட்டை நான் அடைந்தபோது, உறவினர்கள் என்னைப் பந்தலின் ஓரத்தில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கவனித்துக்கொள்ளப் பக்கத்தில் ஓர் ஆளையும் போட்டார்கள். அண்ணன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “பதட்டம்னுதான்டா நெனச்சேன்” என்று அழுதார். என்னிடமும் அண்ணி சொன்னார் என்பதை அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. அஸ்தியை வேலூர் காவிரியில் கரைத்துவிட்டுக் கரையேறும்போதுதான் சொன்னேன். ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தார். “உங்கிட்டயும் சொன்னாளா” என்றார். மறுபடி குனிந்து வேட்டியைப் பிழிந்தார்.

இந்தக் கட்டுரையை இதுவரைக்கும் எழுதி, அண்ணனுக்கும் நிலாவுக்கும் சேலம் வீட்டில் படித்துக் காட்டினேன். அண்ணியின் நோயைப் பற்றி எழுதலாமா என்று கேட்பதற்காகத்தான் போனேன். அண்ணன் அதிகம் படிக்காதவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“எழுது. அவளே மேடை ஏறிச் சொன்னதுதான” என்றார். பிறகு, “ஆனா மோகனு, இதுல எங்க பாத்தாலும் அவ நோயும் உன் நோயுமாவே இருக்குது. அவ பாடுவாளே, அதை எழுதலையா?” என்று கேட்டார்.

“அண்ணி பாடுவாங்களா?”

“காரை ரிவர்ஸ் எடுக்கையில பாடுவாடா. கேட்டுல இடிச்சுருவமோன்னு அவளுக்குப் பயம். பயத்துல பழைய சினிமாப் பாட்டா எடுத்து விடுவா. சுருதியே இருக்காது. தெருவே சிரிக்கும். ரோட்டுக்கு வண்டி வந்ததும் பட்டுன்னு நிறுத்திருவா.”

அண்ணன் அந்த மாதிரி பாடிக் காட்டப் பார்த்தார். வரவில்லை. சமையலறையிலிருந்து நிலா, “அப்படி இல்லப்பா, அம்மா இன்னும் மோசமாப் பாடுவாங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வாசற்படியில் நின்று, தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அம்மா எந்த இடத்தில் எப்படித் தவறுவாரோ அப்படியே தவறிப் பாடினாள். அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அண்ணி என்னைப் பற்றி யோசித்ததெல்லாம் எனக்குத் தெரியும். அவர் பாடுவார் என்பது தெரியாது.

அண்ணி, போய் வாருங்கள். நிலா இன்னொரு முறை பாடுகிறாள். இந்த முறை நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.